சுட்ட கல்லில் ஊற்றிய தண்ணீர்

கல்லைச் சுட வைத்து, அது ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வருஷம் என் வேலை.

அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் நான் அட்டெண்டர். கான்ட்ராக்ட். எட்டாவதோடு நின்றவன். பாறை சம்பந்தமான சோதனைகள் நடக்கிற ஷெட் அது. கல்லை அறுப்பார்கள், துளைப்பார்கள், மெஷினில் வைத்து நசுக்குவார்கள். நான் தூக்கி வைப்பேன், துடைப்பேன், உடைந்ததை வாரி வெளியே கொட்டுவேன். கேள்வி கேட்டதில்லை.

அந்த வருஷம் வந்த கல் வேறு மாதிரி. இடுப்பு உயரம். நாலு பக்கமும் சதுரமாக அறுத்த கருங்கல். லாரியில் வந்தது, செயின் போட்டு இறக்கினோம். நடுவில் மேலிருந்து கீழே ஒரு துளை. துளைக்குள் ஹீட்டர் கம்பி. சூடு வெளியே போகாமலிருக்கப் பக்கங்களில் தடிமனாகக் கண்ணாடிப் பஞ்சு சுற்றினார்கள். மேல்பக்கம் மட்டும் திறந்திருக்கும். அதில் சட்டைப் பொத்தான் போலச் சின்னச் சின்னக் கருவிகள் ஒட்டி, ஒயர் இழுத்து, கம்ப்யூட்டரில் கொடுத்தார்கள்.

கல் ஒரு பெண்ணுடையது. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். சேலம் பக்கம். என்னை அண்ணா என்பாள். நான் மேடம் என்பேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். எனக்கு வாய் பழகிவிட்டது.

ஒருநாள் டீ வாங்கி வந்தபோது நானே கேட்டேன்.

"எதுக்கு மேடம் கல்லைச் சுடறீங்க?"

"அணு மின்சாரம் எடுக்கறாங்கல்லண்ணா. எடுத்த பிறகு கழிவு மிஞ்சும். அது ரொம்பக் காலத்துக்குச் சூடாவே இருக்கும். பூமிக்குள்ள ஆழத்துல, பாறைக்குள்ள வச்சு மூடிடலாம்னு ஒரு யோசனை. வச்சா அந்தச் சூட்டுல பாறை என்ன ஆகும்? அதைத்தான் பாக்கறேன். இந்தக் கம்பிதான் கழிவுன்னு வச்சுக்குங்க."

"எந்த ஊர்ல வெக்கப் போறாங்க?"

"இன்னும் எங்கயும் இல்ல. வைக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்ல."

"எத்தினி வருஷம் சூடா இருக்கும்?"

"நாம போய், நமக்கு அப்புறம் வர்றவங்க போய், அவங்களுக்கு அப்புறம் வர்றவங்களும் போய்..." கையை விசிறினாள். "அதை நான் கொஞ்ச மாசத்துல செஞ்சு காட்டணும்."

உடைந்த துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். வெள்ளை, கறுப்பு, லேசான சிவப்பு என்று பொடிப்பொடி மணிகளாக இருந்தது. சூடு ஏறினால் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு அளவுக்கு வீங்குமாம். ஒன்றை ஒன்று நெருக்குமாம். தாங்காத இடத்தில் முடியை விட மெல்லிசாக விரிசல் விழுமாம். சூட்டில் ஒன்றை ஒன்று நெருக்குவது எனக்கு விளங்கியது. சாந்தோம் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில்தான் நாங்கள் இருக்கிறோம்.

விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேட்கும். அதற்கென்று ஒரு கருவி ஒட்டி, சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் சேர்த்திருந்தாள். சும்மா இருக்கும். திடீரென்று 'டிக்' என்னும். பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது.

காலையில் வந்ததும் சூட்டைத் துளியூண்டு ஏற்றுவாள். அவ்வளவுதான். ஏன் இத்தனை மெதுவாக என்றேன். கல்லை உடைப்பது சூடு இல்லையாம். உள்ளே ஒரு சூடும் வெளியே ஒரு சூடுமாக இருப்பதுதான் உடைக்குமாம். உள்ளே வீங்கித் தள்ளும், வெளியே இடம் கொடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் கல் முழுக்கச் சேர்ந்து வீங்கும். இறக்குவதும் அப்படித்தான்.

"ஏத்தறது பாதிண்ணா. எறக்கறது மீதிப் பாதி. ரெண்டும் இருந்தாதான் தீசிஸ்."

இதற்கு முன் ஒரு கல் வைத்திருந்தாள். நான் அப்போது வேறு பக்கம் வேலை. ஒரு மழை நாளில் கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. கரண்ட் திரும்பி வந்ததும், குளிர்ந்த கல்லில் யாரோ மொத்தச் சூட்டையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டார்கள். அது வெடித்தது. இது இரண்டாவது. அவளுக்குக் கொடுக்கிற உதவித்தொகையை ஒரு தடவை நீட்டித்தாயிற்று. வருகிற பொங்கலோடு அதுவும் முடிகிறது.

"இதுவும் போச்சுன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றாள். பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னாள்.

அதனால் நானும் கவனமாக இருந்தேன். காலையில் நான்தான் முதலில் வருவேன். கதவைத் திறந்ததும் ஹீட்டரின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். எரியும். பிறகு கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வெயில் காலம் அந்த அறையில் போனது. மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் தெருத் தெருவாக மறித்திருந்தார்கள். பஸ் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மந்தைவெளி வரை நடந்து, நின்றுகொண்டே ராஜா அண்ணாமலைபுரம், பாலம் தாண்டி அடையாறு. வந்து இறங்கினால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அப்புறம் கல் இருக்கிற அறை. ஃபேன் போடக் கூடாது, காற்றுப் பட்டால் கணக்கு மாறும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஷீட்டுக்கு அடியில் மனைவி ஈரத்துணியைக் காலில் போட்டு உட்கார்ந்திருப்பாள். மூட்டு வலி அவளுக்கு.

"இன்னிக்கு இன்னா வேலை?" என்பாள்.

"கல்லைப் பாத்தேன்" என்பேன்.

அவள் அதற்கு மேல் கேட்டதில்லை.

ஷெட்டைப் பெருக்கித் துடைக்க ஓர் அம்மா வருவாள். அவளும் எங்கள் பக்கம்தான், மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால். என்னை விட இரண்டொரு வயது மூத்தவள். எல்லாரும் ஆயா என்போம். வாய் ஓயாது. துடைப்பத்தை வாசலில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

"இன்னா நைனா, கல்லு வெந்துச்சா?"

"வேவல."

"ஆட்டுக்காலே இதுக்குள்ள கொயகொயன்னு ஆயிருக்கும். நீயும் குந்திக்கினே கீறே."

"சம்பளம் குடுக்கறாங்க, குந்தறேன்."

"எனக்கும் ஒரு கல்லு குடுக்கச் சொல்லேன். நானும் ஓரமா குந்திக்கிறேன்."

எதற்குச் சுடுகிறார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு. கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு நைனா வேற எடம்? லஸ்ஸுல மெட்ரோக்காரன் தோண்டி வெச்சிகினு கீறான். அதுல தள்ளி மூடு. ரோடாவது சீக்கிரம் போடுவானுங்கோ."

மேடம் கூடச் சிரித்தாள். அபூர்வமாகத்தான் சிரிப்பாள்.

சூடு உச்சத்துக்கு வந்து நின்றது. மேலே கை வைத்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அப்படியே மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும், பிறகுதான் இறக்க ஆரம்பிப்பது. அந்தச் சமயத்தில் ஸ்பீக்கர் அடிக்கடி 'டிக்' என்றது. ஆயாவுக்கு அது பிடிக்கவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பாள்.

"இன்னா நைனா அது சத்தம்?"

"விரிசல் வுடுது உள்ள."

"விரிசல் இல்ல. அயுவுது."

"கல்லு ஏன் அழுது?"

"அதுக்கு நோவுது, அயுவுது. ஒன்னிய இத்தினி மாசம் அடுப்பு மேல வெச்சா நீ இன்னா பண்ணுவே?"

அதற்கப்புறம் அவள் கிண்டலை விட்டுவிட்டாள். அறைக்குள் வந்தால் பேச்சைக் குறைத்தாள். ஒருநாள் மேடத்திடமே சொன்னாள்.

"பாப்பா, கபாலிக்கே வெயிலு காலத்துல மேல தாரா கட்டி வுடுவாங்கோ. சொட்டு சொட்டா தலயில தண்ணி எறங்கிக்கினே இருக்கும். சாமிக்கே அப்பிடி. இதுவும் கல்லுதானே?"

"இது சாமி இல்ல ஆயா."

"யாரு சொன்னா? எல்லாம் மொதல்ல கல்லுதான்."

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நாள்தான், நானே ஆற வச்சுடறேன்" என்றாள். ஆயா தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் அது பெரிய நாள். லீவுக்கு முதல் நாளே செய்துவிடுவார்கள். எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். பூஜை முடிந்தால் மறுபடி வேலைக்கு வரும்வரை எதையும் ஓட்டக் கூடாது. கருவிக்கு ஓய்வு. புரொஃபசர் நம்புகிறவர் இல்லை. ஆனாலும் பூசணிக்காயை அவர்தான் உடைப்பார். எல்லா அறையும் திறந்திருக்க வேண்டும் என்பார், பெரிய அதிகாரிகள் சுற்றிப் பார்க்க வருவார்கள்.

மேடத்துக்கு ஒரே பயம் அந்த ஸ்விட்ச்தான். பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினாள்: 'இந்த ஸ்விட்சை அணைக்காதீர்கள்'. எலெக்ட்ரிஷியனிடம் தனியாகச் சொன்னாள். ஆயாவிடமும் சொன்னாள்.

"நா இன்னாத்துக்கு பாப்பா சுச்சுல கை வெக்கறேன்?" என்றாள் ஆயா.

நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். பூஜையில் எனக்கு வேலை இல்லை. அதனால் வருஷா வருஷம் பொரி பொட்டலம் கட்டுவது என் பொறுப்பு. பொரி, பொட்டுக்கடலை, வெல்லத் துண்டு. ஹாலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தேன். மேடம் பக்கத்தில் நின்று வாழைப்பழம் பிய்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் புடவை கட்டியிருந்தாள். அடுத்த வாரம் சூட்டை இறக்க ஆரம்பிக்கப் போகிறாள் என்பதால் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை.

"சார் பூசணிக்காய் உடைச்சுட்டாரா?" என்றாள் மேடம்.

சார் எங்களுக்கு எதிரில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் ஓடினாள். நான் எழுந்து போவதற்குள் வாசலில் நின்றுவிட்டாள்.

அறை முழுக்க ஆவி. கல்லின் மேலே மஞ்சள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேப்பிலை ஒட்டியிருந்தது. முன்பக்கப் பஞ்சின் மேல் குங்குமம், சாமந்திச் சரம். ஆயா ஈரப் புடவையோடு கையைக் கூப்பி நின்றாள். பிளாஸ்டிக் குடம் காலடியில் உருண்டு கிடந்தது.

"குளுந்துச்சு பாப்பா" என்றாள். "இப்பதான் மூச்சு வுட்டுச்சு. நீயும் கேட்டியா?"

பச்சை விளக்கு அணைந்திருந்தது. துளைக்குள் தண்ணீர் போனதும் பிரேக்கர் தானாக விழுந்திருக்கிறது. அது விழாமல் இருந்தால் ஆயா இல்லை. நான் போய் மெயினையும் இழுத்துவிட்டேன். மேடம் கல்லைப் பார்க்கவில்லை. முதலில் ஆயாவின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கரண்ட் அடிச்சுதா? சுட்டுச்சா?"

"இல்ல பாப்பா. சுச்சு தொடல. ஒயரு தொடல. நடுவால ஊத்துனேன்."

அப்புறம்தான் கல்லைப் பார்த்தாள். துளையிலிருந்து ஒரு கோடு, மேல்பக்கத்தைக் கடந்து விளிம்பு வரை போய், பஞ்சுக்குள் இறங்கியிருந்தது. நகம் நுழையும். அவள் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். புடவை நனைந்தது. ஹாலில் மணி அடித்தார்கள். கற்பூர வாசனை வந்தது.

அவள் முகத்தைப் பார்த்ததும் ஆயாவுக்குப் புரிந்துவிட்டது. குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

லீவு முடிந்து சார் எல்லாரையும் கூப்பிட்டார். கத்தவில்லை. களைத்த மனுஷன்.

"சரி, வேஸ்ட் பண்ண வேணாம். ஹாட் ராக்ல திடீர்னு தண்ணி வந்தா என்ன ஆகும்னு ஒரு சாப்டரா எழுதிடு. நெஜத்துலயும் நிலத்தடித் தண்ணி வரலாம் இல்லையா?"

"வரலாம் சார். ஆனா எவ்ளோ தண்ணி, எவ்ளோ நேரத்துல, எவ்ளோ குளிர்ச்சி, எதுவும் தெரியாதே."

"கேளு, அந்த அம்மாகிட்ட."

ஆயாவைக் கூப்பிட்டார்கள். மேடம் பேனாவை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"எவ்ளோ தண்ணி ஊத்தினீங்க ஆயா?"

"ஒரு கொடம் பாப்பா. இல்ல... மறுக்கா போய் மொண்டாந்தேன். ரெண்டு. சொம்புலயும் ஊத்துனேன்."

"குடம் நிறையவா?"

"பாதி வழியிலயே செதறிப் போச்சி."

"எவ்ளோ நேரம்?"

"மனசு நெறையற வரிக்கும்."

மேடம் பேனாவை மூடினாள். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

ஆயாவை வேறு கட்டடத்துக்கு மாற்றச் சொல்கிறேன் என்றார் அப்புறம். "அவங்களை மாத்தினா கல்லு ஒட்டிக்குமா சார்?" என்றாள் மேடம். அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

நாங்கள் இருவரும் அறைக்குத் திரும்பினோம். சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கல்லில் காய்ந்து பிடித்திருந்தது, வரவில்லை. மேடம் சுவரில் ஒட்டின காகிதத்தைக் கிழித்தாள்.

"அண்ணா, கழிவைப் புதைச்ச இடத்துல மேல ஏதாவது அடையாளம் வைக்கணும்னு பேசறாங்க. இங்க தோண்டாதீங்கன்னு. ரொம்பக் காலம் கழிச்சு வர்றவங்களுக்கும் புரியற மாதிரி."

"ம்."

"என்ன வச்சாலும் பொட்டு வச்சுடுவாங்க இல்ல?"

"தண்ணியும் ஊத்துவாங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

கம்பியைக் காயவைத்து மறுபடி சூடு கொடுத்தாள். கல் பழைய சூட்டுக்கு வந்தது. அங்கிருந்து, முதலில் போட்டிருந்த திட்டப்படியே, தினம் கொஞ்சமாக இறக்கினாள். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. தீசிஸில் அது சேராது என்று அவளுக்கே தெரியும்.

"ஒடஞ்சதுதானே மேடம், வுட்டுடலாமே?"

"இவ்ளோ நாள் பண்ணியாச்சு, முடிச்சுடறேண்ணா."

மார்கழியில் கல் ஆறியது. நானும் அவளும் கருவிகளைக் கத்தியால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டோம். கோடு இப்போது இன்னும் அகலம். விரல் நுனி நுழைந்தது.

அந்த வாரமே கமிட்டி கூடியது. நான் டீ கொண்டுபோய் வைத்தேன், வெளியே வந்து நின்றேன். கதவு மூடியிருந்தது. அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னாங்க மேடம்?"

"ரெண்டு வழிண்ணா. புதுக் கல்லு வச்சு முதல்லேர்ந்து பண்ணலாம். உதவித்தொகை கிடையாது, என் செலவு. இல்லைன்னா ஏத்தின பாதி வரைக்கும் எழுதிக் குடுத்து, இதுக்குக் கீழ ஒரு பட்டம் இருக்கு, அதை வாங்கிட்டுப் போகலாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன்."

சாயங்காலம் வரை அந்த அறையில் கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரைக் கழற்றியாயிற்று, சத்தமே இல்லை. நான் பூட்ட வந்தபோது எழுந்தாள். சீக்கிரம் எழவில்லை. என் மனைவி எழுந்திருப்பது போல ஒரு கையைத் தொடையில் ஊன்றி எழுந்தாள். சின்ன வயசு அவளுக்கு.

"போதும்ணா" என்றாள். "கீழ இருக்கறதையே வாங்கிக்கறேன்."

இன்னொரு தடவை யோசியுங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்த வெயிலில் இன்னொரு வருஷம் அங்கே உட்காருவது என்ன என்று எனக்குத் தெரியும். நான் சம்பளத்துக்கு உட்கார்ந்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கிளம்பினாள். காலையிலேயே வந்து மேஜையைக் காலி செய்தாள். மத்தியானம் பஸ். பை இரண்டுதான். ஆயா வாளியும் துணியுமாக வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"என்னாலதானே பாப்பா?"

நான் மேடத்தைப் பார்த்தேன். இல்லை ஆயா, விதி, அது இது என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். ஆயாவும் அதைக் கேட்கத்தான் நின்றாள் போல.

"ஆமா ஆயா" என்றாள் மேடம். "உங்களாலதான்."

ஆயா தலையை ஆட்டினாள். அழவில்லை. பிறகு உள்ளே வந்து, வாளியை வைத்து, துணியைப் பிழிந்து, குந்தி உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். கல்லைச் சுற்றி, கதவோரம், மேஜைக்கு அடியில்.

மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும், "காலு" என்றாள்.

மேடம் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். ஆயா அடியில் துடைத்தாள். காயும்வரை மேடம் காலைக் கீழே வைக்கவில்லை.